இரண்டு மருந்துப் பைகளையும் ஒரே டொக்டர் பார்க்கட்டும்



சம்பளம், காணி, வீடு என்று எழுதிப் பழகிய இந்தப் பக்கத்தில் இம்முறை மாத்திரைகளைப் பற்றி எழுதுகிறோம். தொழிற்சங்கப் பத்திரிகைக்கு இது என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். கூடை சுமந்த வலிக்கு ஒரு மாத்திரை, மனச்சுமைக்கு ஒரு மாத்திரை என இரண்டையும் ஒரே உடம்பு விழுங்கும்போது என்ன நடக்கலாம் என்பதை நம் லயங்களில் யாரும் தமிழில் எடுத்துச் சொல்வதில்லை. சொல்லாததால் நம்மவர்கள் ஆபத்தில் மாட்டுகிறார்கள். அதனால்தான் இந்தத் தலையங்கம்.

நமது மாவட்டத் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். பெயரும் டிவிசனும் வேண்டாம் என்றார், எழுதவில்லை.

ஐம்பதை நெருங்கும் ஓர் அக்கா. கணவர் இறந்த பிறகு பெரட்டுக்குப் போக மனமில்லை, சமைத்ததைச் சாப்பிட மனமில்லை, இரவெல்லாம் விழித்தபடி கிடந்தார். மிட்வைஃப் மிஸ்தான் அவரை மனநலக் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார். அங்கே கொடுத்த ஃபுளுவொக்செட்டின் என்ற மருந்தை விடாமல் எடுத்தார். இரண்டு மாதத்தில் ஆள் தேறி, மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டினார். மருந்து வேலை செய்தது. அதை முதலில் பதிந்துகொள்வோம்.

ஒன்றரை வருடம் கழித்து முதுகுவலி வந்தது. இருபத்தைந்து வருடம் கொழுந்தெடுத்த முதுகு. தோட்டத்து மருந்து சரிவரவில்லை என்று டவுனிலுள்ள தனியார் டொக்டரிடம் போனார். "வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்டிருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கம் வாங்கில் அவருடைய லயத்து ஆட்களே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா "இல்லைங்க டொக்டர்" என்று சொல்லிவிட்டார்.

வலிக்கு ட்ரமடோல் கொடுத்தார்கள். வெள்ளைக் கடதாசிப் பையில் மாத்திரை; பையின் மேல் காலை, பகல், இரவுக்கு ஒவ்வொன்று என்று எண் மட்டும்; மருந்தின் பெயர் கிடையாது. முதல் நாள் வலி குறையவில்லை. அதனால் அடுத்த நாள் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். அன்று பொழுது சாயும் நேரம் கைகால் நடுங்கத் தொடங்கியது. வியர்த்துக் கொட்டியது. வயிற்றாலே போனது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்தார். கால்கள் தாமாகவே துடித்தன. பேச்சு கோர்வையாக வரவில்லை.

லயத்தில் கூட்டம் கூடிவிட்டது. காத்துக் கருப்பு என்றார் ஒருவர். செத்துப்போன புருஷன் வந்து கூப்பிடுகிறார் என்றார் இன்னொருவர். திருநீறு போட்டுக் கயிறு கட்டும் ஏற்பாடு நடந்தது. சாதாரண தரம் படிக்கிற மகள், நமது பாடசாலைப் பிள்ளை, அழுதுகொண்டே 1990க்கு அழைப்பு எடுத்தாள். அம்புலன்ஸ் வந்ததும் அவள் செய்த ஒரு காரியத்தை நாம் மறக்கமாட்டோம். அம்மாவின் கிளினிக் கொப்பியையும், தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருந்த கிளினிக் மாத்திரையையும், டவுன் டொக்டரின் வெள்ளைப் பையையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு எடுத்துக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள். வைத்தியசாலையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே விஷயம் விளங்கியது. மருந்தை நிறுத்தி, சேலைன் ஏற்றி, இரண்டு நாள் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். அக்கா இன்று நலமாக இருக்கிறார்.

என்ன நடந்தது என்பதைப் பாடசாலையில் சொல்லிக் கொடுப்பதுபோல் எளிதாகச் சொல்கிறோம்.

நமது மூளையிலும் நரம்புகளிலும் செரோட்டோனின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குச் செய்தி கொண்டுபோகும் வேலை அதற்கு. மனநிலை, தூக்கம், குடலின் அசைவு எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. வேலை முடிந்ததும் நரம்பு அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபுளுவொக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், வென்லாஃபக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அப்படித் திரும்ப இழுப்பதைக் குறைக்கின்றன. செரோட்டோனின் சற்றுக் கூடுதல் நேரம் வெளியே நின்று வேலை செய்கிறது. கிழமைக் கணக்கில் மனம் மெல்ல நிமிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ட்ரமடோல் வலி மருந்துதான். ஆனால் அதுவும் இதே வேலையைக் கொஞ்சம் செய்கிறது. ஒரே பீலியில் இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீரைத் திறந்துவிட்டு, வடிகாலையும் அடைத்தால் தொட்டி வழியத்தானே செய்யும்? செரோட்டோனின் அப்படி அளவு மீறும்போது நடுக்கம், வியர்வை, பதற்றம், வயிற்றோட்டம், நெஞ்சுப் படபடப்பு, தசைத் துடிப்பு வருகின்றன. கடுமையானால் காய்ச்சல் ஏறும், உடம்பு விறைக்கும், நினைவு தடுமாறும், உயிரும் போகலாம். பெரும்பாலும் புதிய மருந்தைத் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய 24 மணித்தியாலத்துக்குள் இது தெரியவரும். பலருக்கு 6 மணித்தியாலத்துக்குள்ளேயே. இதுதவிர ட்ரமடோல் வலிப்பை உண்டாக்கக்கூடிய மருந்து. மனச்சோர்வு மருந்தோடு சேரும்போது அந்த ஆபத்து கூடுகிறது.

முதல் நாள் அந்த அக்காவுக்கு வலி குறையாமல் போனதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். ட்ரமடோலை ஈரல்தான் வலியைக் கூடுதலாக அடக்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. ஃபுளுவொக்செட்டினும் பரொக்செட்டினும் ஈரலின் அந்த வேலையைத் தடுக்கின்றன. வலி குறைவது மந்தமாகிறது. ஆபத்தான பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. வலி குறையவில்லையே என்று இன்னொரு மாத்திரை போடுகிறவர் நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார். "அப்படியென்றால் கிளினிக் மருந்தை ஒரு நாள் விட்டுவிட்டு வலி மாத்திரையைப் போடலாமே" என்று சிலர் நினைக்கக்கூடும். அதுவும் சரிவராது. ஃபுளுவொக்செட்டின் நிறுத்திய பிறகும் பல கிழமைகள் உடம்பில் தங்கியிருக்கும்.

இது நம் மலையில் மட்டும் நடக்கிற விஷயமல்ல. 1984 மார்ச் மாதம் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் லிபி சயன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலோடும் பதற்றத்தோடும் பெரிய வைத்தியசாலையொன்றில் சேர்க்கப்பட்டார். அவர் ஏற்கெனவே ஃபெனல்சின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்துவந்தவர். அந்த இரவில் அவருக்குப் பெத்திடின் என்ற வலி மருந்தும் கொடுக்கப்பட்டது. இவை இரண்டும் சேரவே கூடாதவை. விடிவதற்குள் காய்ச்சல் எல்லை மீறி ஏறியது. அந்தப் பிள்ளை இறந்துபோனது. அவருடைய உடம்பில் வேறு பொருளும் இருந்ததா, யார் மீது எவ்வளவு பிழை என்ற வழக்கு பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. 1995இல் தீர்ப்புச் சொன்ன யூரிமாரும் பிழையைப் பலருக்கும் பங்கிட்டார்கள்.

தொழிற்சங்கக்காரர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கதையின் அடுத்த பகுதியை. பத்திரிகையாளரான தந்தை சிட்னி சயன் விடவில்லை. அன்றிரவு மகளைக் கவனித்தவர்கள் நீண்ட நேரம் தூங்காமல் வேலை செய்த, ஒரே நேரத்தில் பல நோயாளிகளைப் பார்க்கவேண்டியிருந்த பயிற்சி டொக்டர்கள் என்பதை அவர் ஊரறியச் சொன்னார். அதன் பலனாக 1989இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி டொக்டர்களின் வேலை நேரத்தைக் கிழமைக்கு 80 மணித்தியாலம் என்று வரையறுத்தது. 2003இல் அந்த வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. ஒரு மருந்துப் பிழையை ஆராயப் போனவர்கள் வேலை நேரத்தில் வந்து நின்றார்கள். வேலை நிலைமையும் உடல்நலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை நம் கொழுந்து மலையில் தெரிந்த அளவுக்கு வேறெங்கே தெரியும்? அதே அமெரிக்காவின் மருந்து அதிகார சபை 2016இல், ட்ரமடோல் உட்பட்ட அபின் வகை வலி மருந்துகளை மனச்சோர்வு மருந்துகளோடு சேர்க்கும்போது இந்த ஆபத்து இருப்பதாகப் பொது எச்சரிக்கை விடுத்தது.

ட்ரமடோல் எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆனால் டைக்ளோபெனக் எத்தனை வீட்டில் இருக்கிறது? இபுபுரோஃபன்? மெஃபனமிக் அசிட்? மூட்டுவலிக்கு, பல்வலிக்கு, மாதவிடாய் வலிக்கு, "அந்தச் சின்ன மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பழகிவிட்டோம். இவற்றை மனச்சோர்வு மருந்தோடு சேர்க்கும்போது வருகிற ஆபத்து வேறு மாதிரி. அது சத்தமில்லாமல் வரும்.

இரத்தம் உறைவதற்கும் செரோட்டோனின் உதவி செய்கிறது. ஃபுளுவொக்செட்டின் வகை மருந்து எடுப்பவர்களின் இரத்தத்தில் உறையும் தன்மை சற்றுக் குறையலாம். டைக்ளோபெனக் வகை மருந்துகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. ஒன்று புண் உண்டாக்க, மற்றது அந்தப் புண் ஆறி மூடுவதைத் தாமதப்படுத்தினால் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியும். வயதானவர்கள், முன்பே குடற்புண் இருந்தவர்கள், இதய நோய்க்கு அஸ்பிரின் எடுப்பவர்கள், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மலம் தார்போலக் கறுத்துப் போவது, கோப்பித்தூள் நிறத்தில் வாந்தி, காரணமில்லாத தலைச்சுற்று, உடம்பு வெளிறிப்போவது — இவற்றில் எது தெரிந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நம் பெண்களில் பலருக்கு ஏற்கெனவே இரத்தம் போதாது. அவர்களுக்கு உள்ளே கசிந்தால், "சோகைதானே, இரும்பு மாத்திரை போட்டால் சரி" என்று தள்ளிப்போடும் பழக்கமும் நமக்கு உண்டு.

மூன்றாவது ஒன்று. அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையை நம்மில் நிறையப் பேர் எடுக்கிறார்கள். இது பழைய மனச்சோர்வு மருந்து. நரம்புவலிக்கும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் சின்ன அளவில் இதையே கொடுப்பார்கள். அதனால் "நான் மனசுக்கு மருந்து எடுக்கலையே, கால் எரிச்சலுக்குத்தானே எடுக்கிறேன்" என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இது தூக்கத்தைத் தரும் மருந்து. ட்ரமடோலும் கோடீன் சேர்ந்த மாத்திரைகளும் தூக்கத்தைத் தருபவை. இதற்கு மேல் சாராயமோ கசிப்போ சேர்ந்தால் நினைவு தப்பி மூச்சே மந்தமாகும். செங்குத்தான மலையில் காலையில் தள்ளாட்டத்தோடு இறங்குகிறவர் விழுந்தால் அதை யாரும் மருந்தின் கணக்கில் எழுதுவதில்லை. கால் வழுக்கியது என்றுதான் எழுதுவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதை வாசித்துவிட்டு யாரும் கிளினிக் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், தூக்கமின்மை வரும். பழைய நோயும் திரும்பி வரும். மனச்சோர்வு உயிரெடுக்கும் நோய். அதற்கு நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்திருக்கின்றன என்பதை நாம் அறிவோம். வலி மருந்தையும் மனச்சோர்வு மருந்தையும் டொக்டரின் கண்காணிப்பில் சேர்த்து எடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வயிற்றைக் காக்க ஒமெப்ரசோல் சேர்த்துக் கொடுப்பார்கள், ட்ரமடோலுக்குப் பதில் வேறொன்றைத் தேர்வார்கள், அளவைக் குறைப்பார்கள். அதற்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் என்னென்ன விழுங்குகிறீர்கள் என்பது அந்த டொக்டருக்குத் தெரிய வேண்டும்.

தெரியாமல் போவது ஏன்? இங்கேதான் நம் எல்லோருக்கும் பொறுப்பு வருகிறது.

முதல் காரணம் வெட்கம். "உன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்பது நம் லயத்தில் வசைச்சொல். பெரட்டுக் களத்தில், பஸ்ஸில், சங்கக் கூட்டத்தில்கூட அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம் என்பதை இந்தப் பக்கத்தில் ஒத்துக்கொள்கிறோம். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அந்த அக்கா மாத்திரையைத் தலையணைக்கடியில் வைத்தார். அதற்குப் பயந்துதான் டொக்டரிடம் "இல்லை" என்றார். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பதைச் சொல்ல வெட்கமில்லை. பிரஷருக்கு எடுப்பதைச் சொல்ல வெட்கமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயத்தோடு மனிதர்களை மண் மூடியதைக் கண்ட மாவட்டம் இது. இத்தனை இழப்பைச் சுமக்கிற மக்களுக்கு மனம் நோகும் என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இரண்டாவது, ஒரு நாள் பேர். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பசறை வழியாகப் பதுளைக்குக் கிளினிக் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். பஸ் காசு ஒரு பக்கம், போன சம்பளம் இன்னொரு பக்கம். அதனால் மகனையோ பக்கத்து வீட்டாரையோ அனுப்பி மருந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். டொக்டர் ஆளைப் பார்ப்பதில்லை. புதிதாக என்ன வலி, அதற்கு என்ன மருந்து என்று கேட்கவும் வாய்ப்பில்லை. வலிக்குப் பக்கத்து டவுன், மனசுக்குப் பெரியாஸ்பத்திரி, காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி என்று மூன்று இடத்தில் மூன்று பேர் மருந்து தருகிறார்கள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது மொழி. சீட்டு ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில், பையில் எண் மட்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கருமமொழி ஆக்கியது. அந்த மொழி மருந்துப் பை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் உடம்பு நடுங்குவதையும் மனம் உடைவதையும் தாய்மொழியில்தான் சரியாகச் சொல்ல முடியும்.

மருந்துக்குப் பெயர் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் புதிய கோரிக்கையுமல்ல. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து மருந்துக் கொள்கைக்காகப் போராடிய காலத்தில், 1971இல், அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனிக்கொரு பெயர் சூட்டி விற்கும் மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் அழைக்க வேண்டும், ஏழைக்கும் மருந்து கட்டுப்பட வேண்டும் என்பது பிபிலேயின் வாதம். அதில் பணக் கணக்கு மட்டும் இல்லை. ஒரே மருந்து இரண்டு கம்பனிப் பெயரில் வீட்டுக்கு வந்தால், இரண்டையும் வேறு வேறு மருந்தென்று எண்ணி விழுங்குகிறவர் இரட்டிப்பு அளவு எடுக்கிறார். பொதுப்பெயர் தெரிந்தால் அந்தப் பிழை நேராது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையும் வந்துவிட்டது. சட்டம் கொழும்பில் இருக்கிறது. பெயரில்லாத வெள்ளைப் பை இன்னும் நம் லயத்தில் இருக்கிறது.

இனி, வீட்டில் உடனே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

கிளினிக் கொப்பி எங்கே போனாலும் கூட வரட்டும். பல் பிடுங்கப் போனாலும் சரி, காய்ச்சலுக்குப் போனாலும் சரி. சொல்லக் கூச்சமாக இருந்தால் வாய் திறக்க வேண்டாம், கொப்பியை நீட்டுங்கள். கொப்பி இல்லாதவர்கள் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

பெயரில்லாத பையை வாங்காதீர்கள். "டொக்டர், இந்த மருந்தோட பேர எழுதித் தாங்க" என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எழுதிக் கொடுத்ததும் "நான் எடுக்கிற மத்த மருந்தோட இது சேருமா?" என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள். பாமசியிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

சாதாரண வலிக்கு முதலில் பரசிட்டமோல்தான். மனச்சோர்வு மருந்தோடு மற்றவற்றைவிட அது பாதுகாப்பானது. வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவர்கள், குடிப்பவர்கள், ஈரல் வருத்தக்காரர்கள் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். எவ்வளவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தடிமல் மாத்திரைகளிலும் பரசிட்டமோல் இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் செரோட்டோனினைக் கூட்டக்கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று வாங்கிப் போடாதீர்கள். நீங்களும் கொடுக்காதீர்கள். அன்பினால் கொடுப்பதுதான், ஆனால் அவர் வேறு என்ன எடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்காகவும், மனமுடைந்த ஒருவர் வீட்டிலிருந்தால் அவருக்காகவும். அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத்தையே தாக்கும்.

புதிய மருந்து தொடங்கியவருக்கு நடுக்கம், கடும் வியர்வை, துடிப்பு, பிதற்றல், காய்ச்சல் வந்தால், அல்லது எழுப்ப முடியாத தூக்கம் வந்தால், உடனே 1990. கயிறு பிறகு கட்டலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. மருந்துப் பைகளை மறக்காமல் கையில் கொண்டுபோங்கள். மனம் தாங்காத நேரத்தில் பேச 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் இருக்கிறது. அதையும் சுவரில் எழுதி வையுங்கள்.

வீட்டில் செய்வதோடு முடித்துக்கொண்டால் எல்லாச் சுமையையும் மறுபடியும் தொழிலாளியின் தலையிலேயே ஏற்றியவர்கள் ஆவோம். ஆகவே நிர்வாகங்களிடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் நமது கோரிக்கைகளை வைக்கிறோம்.

கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். கிளினிக் கொப்பியில் திகதி முத்திரை இருக்கிறது. அதைவிட அத்தாட்சி தேவையில்லை. கொப்பியின் உள்பக்கத்தைத் துரைக்கோ கிளார்க்குக்கோ காட்டும்படி கேட்கவும் கூடாது. ஒருவருக்கு என்ன வருத்தம் என்பது அவருடைய சொந்த விஷயம்.

அரச வைத்தியசாலையிலும் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் கொடுக்கப்படும் ஒவ்வொரு பையிலும் மருந்தின் பொதுப்பெயரும், எடுக்கும் முறையும் தமிழிலும் எழுதப்பட வேண்டும். மனநலக் கிளினிக்கில் தமிழ் பேசும் ஒருவராவது இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது அந்தக் கிளினிக் தோட்டப் பகுதிக்கு இறங்கி வர வேண்டும். நோயாளி பேசுவது வாங்கிலிருப்பவருக்குக் கேட்காதபடி ஒரு கதவு வேண்டும். ஒரு கதவு இருந்திருந்தால் நாம் சொன்ன அக்கா அன்று உண்மையைச் சொல்லியிருப்பார்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது வலி. மழையில் நனைந்த கொழுந்தின் பாரம் முதுகுக்குத் தெரியும். கிலோக் கணக்கை எட்டாவிட்டால் அரைப் பேர் என்ற பயத்தில் வலியோடு மலையேறுகிறவருக்கு மாத்திரை இல்லாமல் எப்படி முடியும்? நிறுவை இடம் தூரம், பாதை உடைந்து கிடக்கிறது, ஓய்வு இல்லை. கூட்டுப் பேச்சுவார்த்தை மேசையில் கிலோவைப் பற்றிப் பேசும்போது முதுகெலும்பைப் பற்றியும் பேசுவோம். சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் சுமைக் கோரிக்கையும் எழுதப்பட வேண்டும். அதை இதுவரை முன்வரிசைக்குக் கொண்டுவராதது சங்கத்தின் குறை. அதையும் ஒத்துக்கொள்கிறோம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் அணித் தலைவிகளுக்கும் ஒரு வேலை தருகிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தத் தலையங்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் யாரையும் பார்த்து "நீ மருந்து எடுக்கிறியா?" என்று கேட்காதீர்கள். "கொப்பியை மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். அங்கொடைப் பகிடியை நம் மேடைகளிலிருந்து இன்றோடு விலக்குவோம். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, அந்த மகள் செய்ததுபோல, பாடசாலைப் பிள்ளைகள் வீட்டிலுள்ள மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். பாடசாலையில் அதற்கு உதவி செய்ய நாம் இருக்கிறோம்.

அந்த அக்காவை அண்மையில் சந்தித்தோம். கிளினிக் மருந்து தொடர்கிறது. முதுகுக்கு டொக்டர் வேறு வழி சொல்லியிருக்கிறார். மாத்திரை இப்போது தலையணைக்கடியில் இல்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில், கொப்பியோடு சேர்த்து, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது. "யாராச்சும் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டோம். "மருந்துனு சொல்வேன், வேறென்ன" என்றார்.